துருவ ஒளி: எந்த நேரம் கேமராவுக்கு, எந்த நேரம் கண்ணுக்கு?

பிப்ரவரியில் மனைவியோடும் எட்டு வயது மகளோடும் நார்வேயின் ட்ரோம்சோவுக்குப் போகிறீர்கள், கையில் நான்கு இரவுகள் இருக்கின்றன. துருவ ஒளியைப் படம் எடுப்பதற்காக நல்ல கேமராவும் லென்ஸும் வாங்கி இப்போதிலிருந்தே பழகலாமா, இல்லை ‘படமெல்லாம் இணையத்தில் கொட்டிக் கிடக்கிறது, நீ கண்ணாரப் பார்த்துவிட்டு வா’ என்று உங்கள் அண்ணன் சொல்வதைக் கேட்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

கேமரா வாங்க வேண்டாம் என்பதுதான் என் பதில். இருக்கிற போனும் அதைப் பொருத்த ஒரு சின்ன டிரைபாடும் போதும். ஆனால் அண்ணன் சொல்லும் காரணத்தை நான் ஏற்கவில்லை. உங்கள் மகள் அந்த வெளிச்சத்துக்குக் கீழே நிற்கும் படம் இணையத்தில் கிடைக்காது. என் காரணம் வேறு. அரோரா எனப்படும் இந்தத் துருவ ஒளியில் கண்ணுக்குத் தெரிவது ஒன்று, கேமராவுக்குத் தெரிவது இன்னொன்று. அதோடு அந்த ஒளி இரவு முழுக்க ஒரே மாதிரி இருப்பதில்லை, அதற்கென்று ஒரு வரிசை உண்டு. எந்த நேரத்தில் படம் எடுக்கலாம், எந்த நேரத்தில் எல்லாவற்றையும் கீழே வைத்துவிட வேண்டும் என்று தெரிந்துகொண்டு போனால் இரண்டும் கிடைக்கும். தெரியாமல் போகிறவர்கள் உச்ச நேரத்தில் லென்ஸோடு மல்லுக்கட்டுகிறார்கள், ஒளி அமைதியாக இருக்கும் நேரத்தில் வானத்தைப் பார்த்து ‘இவ்வளவுதானா’ என்று கேட்கிறார்கள். வடக்கே வருகிற நம் ஊர்க்காரர்களை அழைத்துப் போகும்போதெல்லாம் இதைப் பார்க்கிறேன்.

அந்த ‘இவ்வளவுதானா’வுக்குக் காரணம் நம் கண்ணிலேயே இருக்கிறது. விழித்திரையில் கூம்பு செல்கள், குச்சி செல்கள் என்று இரண்டு வகை இருப்பதைப் பள்ளியில் படித்திருப்பீர்கள். நிறத்தை அறிவது கூம்பு செல்கள், அவை வேலை செய்ய ஓரளவு வெளிச்சம் வேண்டும். இருட்டில் நமக்குப் பார்வை தருவது குச்சி செல்கள், அவற்றுக்கு நிறம் தெரியாது. அதனால் அரோரா மங்கலாக இருக்கும்போது அது வானத்தில் ஒரு வெளிறிய சாம்பல் பட்டையாகத்தான் தெரியும். மேகம் என்று நினைத்துப் பலர் முதுகைத் திருப்பிக்கொள்வார்கள். அந்த நேரத்தில் போனை நீட்டி ஒரு படம் எடுத்தால் திரையில் பச்சையாக வரும். இந்த இடத்தில் கேமரா பெரிய உதவி. மேகமா, அரோராவா என்ற சந்தேகத்தை மூன்று வினாடியில் தீர்த்துவிடும்.

ஒளி கூடக் கூட முதலில் கண்ணுக்குப் பிடிபடும் நிறம் பச்சை. அதற்கும் காரணம் உண்டு. ஏறக்குறைய 100 முதல் 150 கிலோமீட்டர் உயரத்தில் ஆக்சிஜன் அணுக்கள் 557.7 நானோமீட்டர் அலைநீளத்தில் ஒளியை விடுகின்றன. மனிதக் கண்ணின் நிறப்பார்வை மிகக் கூர்மையாக இருப்பது 555 நானோமீட்டர் அருகில். இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றின்மேல் ஒன்று விழுகின்றன. அதே ஆக்சிஜன், 200 கிலோமீட்டருக்கு மேலே 630 நானோமீட்டரில் சிவப்பு ஒளியை விடுகிறது. அந்தச் சிவப்புக்கு நம் கண் மிகவும் மந்தம். பத்திரிகைகளில் பார்க்கும் படங்களில் பச்சைத் திரைக்கு மேலே அழகாகச் சிவப்பு படர்ந்திருக்கும் அல்லவா? சாதாரண இரவில் அது கேமராவுக்கு மட்டும் தெரியும். பெரிய புவிகாந்தப் புயல், அதாவது சூரியனிலிருந்து வரும் துகள்கள் பூமியின் காந்தப்புலத்தைக் குலுக்கும் புயல், அடித்தால்தான் கண்ணுக்கும் எட்டும்.

2024 மே 10, 11 தேதிகளில், 2003 அக்டோபருக்குப் பிறகு முதல் முறையாக அளவுகோலின் உச்சமான ஜி5 அளவுக்குப் புவிகாந்தப் புயல் அடித்தது நினைவிருக்கலாம். அன்று லடாக்கின் ஹான்லேயில் இருக்கும் இந்திய வானியல் ஆய்வகத்தின் கேமராகூட அடிவானத்தில் சிவப்பொளியைப் பதிவு செய்தது. ஐரோப்பாவில் பல ஊர்களில் மக்கள் போன் திரையில் செக்கச்செவேலென்று ஒரு வானத்தையும், நிமிர்ந்து பார்த்தால் லேசான ஒரு மங்கலையும் கண்டார்கள். அப்போது ‘இதெல்லாம் பொய், போன் கூட்டிக் காட்டுகிறது’ என்று ஒரு பேச்சு வந்தது. அது சரியல்ல. கேமரா பல வினாடிகள் ஒளியைச் சேர்த்து வைத்துக் காட்டுகிறது, நம் கண்ணால் அப்படிச் சேர்க்க முடியாது. அந்தச் சிவப்பு வானத்தில் நிஜமாகவே இருந்தது.

ஆக, நிறத்தில் கேமராவோடு கண் போட்டி போட முடியாது. அசைவில் நிலைமை தலைகீழ். இங்கேதான் நேரில் போவதன் அருமை இருக்கிறது, இதைப் படங்களை மட்டும் பார்த்திருப்பவர்களுக்குப் புரியவைப்பது கடினம்.

வேகமான எலக்ட்ரான்கள் மேலிருந்து வந்து மோதும்போது நைட்ரஜன் உடனடியாக ஒளிவிடுகிறது. ஆக்சிஜனின் பச்சைக்கு முக்கால் வினாடி போலத் தாமதம் உண்டு. சிவப்புக்கு ஏறக்குறைய இரண்டு நிமிடம் பிடிக்கும், அதற்குள் இன்னோர் அணுவோடு மோதினால் அந்த ஒளி வராமலே போய்விடும். காற்று மிக மெலிந்த உயரத்தில் மட்டும் சிவப்பு தெரிவது இதனால்தான். இந்தக் கால வித்தியாசத்தைக் கண்ணால் பார்க்கலாம். சிவப்பு பரவலாக, விளிம்பில்லாமல், அசையாமல் நிற்கும். பச்சை நெளியும். ஒளி உக்கிரமாகும்போது பச்சைத் திரையின் அடிவிளிம்பில் நைட்ரஜனின் இளஞ்சிவப்பு, பட்டுப்புடவைக்குக் கரை கட்டியது போல, ஒரு கோடாக வந்து சேரும். அந்தக் கோடு ஒரு முனையில் தோன்றி மறுமுனைக்கு ஓடுவது ஒன்றிரண்டு வினாடிக்குள் முடிந்துவிடும். கண் அதைப் பின்தொடரும். எட்டு வினாடி ஷட்டரைத் திறந்து வைத்திருக்கும் கேமராவில் அந்த ஓட்டம், மடிப்புகள், இடையிலிருந்த இருட்டு எல்லாம் ஒன்றாகக் கலந்து ஒரு பச்சைப் புகையாகப் பதியும். பார்க்க அழகான படம்தான். நடந்தது மட்டும் அதில் இருக்காது.

அடுத்து, இரவின் வரிசை. 1964இல் அலாஸ்காவில் பணியாற்றிய ஜப்பானிய விஞ்ஞானி சியுன்-இச்சி அகாசோஃபு, பல இடங்களில் எடுத்த முழு வானப் படங்களை ஒப்பிட்டு, அரோரா தாறுமாறாகத் தோன்றி மறைவதில்லை, அது ஒரே கதையைத் திரும்பத் திரும்பச் சொல்கிறது என்று காட்டினார். சப்ஸ்டார்ம் என்று அதற்குப் பெயர். ட்ரோம்சோவில் நிற்கிறவருக்கு அந்தக் கதை இப்படித் தெரியும்.

முதலில் வடக்கு வானத்தில் கிழக்கு மேற்காக ஒரு வில். அரை மணி நேரமோ அதற்கு மேலுமோ அது சும்மா நிற்கலாம். மெல்ல மெல்ல உச்சியை நோக்கி நகர்ந்து வரும். பெரும்பாலோர் இதைப் பார்த்துவிட்டு, நான்கு படம் எடுத்துக்கொண்டு, கால் சில்லிட்டதும் வண்டிக்குள் போய்விடுவார்கள். பிறகு எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் வில்லின் ஒரு பகுதி பளிச்சென்று கூடும். அடிவிளிம்பு கூர்மையாகும். செங்குத்தான கதிர்கள் எழும். அந்த வெளிச்சம் வில்லின் நெடுக ஓடி, மடிந்து, சுருண்டு, சில நிமிடங்களில் வானம் முழுக்கப் பரவிவிடும். காலடியில் பனி பச்சையாகும், பக்கத்தில் நிற்பவரின் முகம் தெரியும். நீங்கள் நிற்கும் இடத்துக்கு நேர் மேலே நடந்தால் கதிர்களெல்லாம் உச்சியில் ஒரே புள்ளியிலிருந்து நாலா பக்கமும் பாய்வது போல விரியும். கொரோனா என்பார்கள். கதிர்கள் உண்மையில் பூமியின் காந்தக் கோடுகளின் வழியே இணையாகத்தான் இறங்குகின்றன. கீழிருந்து அண்ணாந்து பார்ப்பதால் அவை ஒரு புள்ளியில் கூடுவது போலத் தெரிகிறது. இந்த உச்சம் தலைக்கு மேல் ஐந்து நிமிடமும் இருக்கலாம், பதினைந்து நிமிடமும் இருக்கலாம். அதன் பிறகு ஒளி சிதறி, திட்டுத் திட்டாக, மங்கலாகி விடும்.

இந்த உச்ச நிமிடங்களில் கேமராவைத் தொடாதீர்கள். இதை ஆலோசனையாகச் சொல்லவில்லை, வற்புறுத்தியே சொல்கிறேன். எவ்வளவு அகலமான லென்ஸ் போட்டாலும் வானத்தின் ஒரு பகுதிதான் சட்டகத்துக்குள் வரும், அப்போது நடப்பதோ நாலா பக்கமும் நடக்கும். வெளிச்சம் ஒரே நிமிடத்தில் பல மடங்கு கூடுவதால், ஐந்து நிமிடம் முன்பு சரியாக இருந்த செட்டிங் இப்போது வெள்ளையாக எரிந்துபோன படத்தைத் தரும். நீங்கள் குனிந்து அதைத் திருத்துவதற்குள் அடுத்த அலை கடந்துவிடும். பழகின போட்டோகிராபர்கள் கையைப் பார்க்காமலே இதைச் செய்வார்கள். முதல் முறை போகிறவரால், கையுறையோடு, பக்கத்தில் ‘அப்பா, அங்க பாருங்க’ என்று மகள் இழுக்கும்போது முடியாது. முடியவும் வேண்டாம்.

வில் அமைதியாக நிற்கும் அந்த முதல் கட்டம்தான் படம் எடுக்கும் நேரம். அது மெதுவாக நகர்வதால் நீண்ட எக்ஸ்போஷரிலும் குழம்பாது. மலை, கடல், வீட்டு விளக்கு எல்லாம் சேர்த்து அழகாகச் சட்டகம் வைக்கலாம். மனைவியையும் மகளையும் நிறுத்தி, மூன்று வினாடி அசையாமல் இருக்கச் சொல்லி எடுக்கலாம். குடும்பப் படம் வேண்டுமென்றால் இதில் முடித்துவிடுங்கள். உச்சம் வரும்வரை காத்திருக்க வேண்டாம்.

கடைசிக் கட்டத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதைப் பார்ப்பவர்கள் மிகக் குறைவு. உச்சம் முடிந்ததும் எல்லோரும் கிளம்பிவிடுவார்கள். நள்ளிரவுக்குப் பிறகு வானத்தில் மங்கலான திட்டுகள் சில வினாடிகளுக்கு ஒருமுறை அணைந்து அணைந்து எரியும். ஒவ்வொரு திட்டுக்கும் தனித்தனி தாளம். நிழற்படத்தில் இது வெறும் பச்சை மேகம், எதுவுமே தெரியாது. கண்ணுக்கு மட்டுமே உரிய காட்சி என்று ஒன்று உண்டென்றால் அது இதுதான். மகள் தூங்கிவிட்டால் நீங்களோ மனைவியோ மாறி மாறி வெளியே நின்றாவது பாருங்கள்.

இவ்வளவு சொன்னதால் நான் கேமராவுக்கு எதிரி என்று நினைத்துவிட வேண்டாம். அரோராவைப் பற்றி நாம் இன்று அறிந்திருப்பதில் பெரும்பகுதி, கடுங்குளிரில் நின்று படம் எடுத்தவர்களின் உழைப்பால் கிடைத்தது. சோஃபுஸ் த்ரோம்ஹோல்ட் என்ற டென்மார்க்காரர் 1882-83 குளிர்காலத்தில் நார்வேயின் கௌதொகெய்னோவில் தங்கி எவ்வளவோ முயன்றும், அன்றைய தகடுகளில் அரோராவின் சுவடுகூடப் பதியவில்லை. அந்தப் பயணத்தில் அவர் எடுத்த, அப்பகுதியின் பழங்குடிகளான சாமி இன மக்களின் உருவப்படங்கள்தான் இன்று உலகப் புகழ் பெற்றிருக்கின்றன. 1892இல் மார்ட்டின் பிரெண்டல் என்ற ஜெர்மானியர் வட நார்வேயின் போசெகோப்பில் முதல் முறையாக அரோராவைத் தெளிவில்லாத கறுப்பு வெள்ளைப் படமாகப் பிடித்தார். அதே ஊரில் 1910இல் நார்வே கணித அறிஞர் கார்ல் ஸ்டோர்மர், சில கிலோமீட்டர் இடைவெளியில் இரண்டு கேமராக்களை வைத்து, இரண்டு இடத்துக்கும் தொலைபேசி இழுத்து, ஒரே கணத்தில் படம் எடுக்கச் செய்தார். பின்னணி விண்மீன்களை வைத்து இரண்டு படங்களையும் ஒப்பிட்டு உயரத்தைக் கணக்கிட்டார். அரோராவின் அடிவிளிம்பு ஏறக்குறைய 100 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது என்பது இப்படித்தான் உறுதியானது. மலை உச்சியைத் தொட்டுக்கொண்டு ஆடுவது போலக் கண்ணுக்குத் தெரியும் ஒளி அது. கண்ணை நம்பியிருந்தால் அந்த உயரம் தெரிந்திருக்காது.

நம் காலத்திலும் இது தொடர்கிறது. கனடாவின் ஆல்பர்ட்டாவில் பொழுதுபோக்காக அரோரா படம் எடுப்பவர்கள், வழக்கமான எந்த வகையிலும் சேராத ஒரு மெல்லிய ஊதாப் பட்டையைப் படம் பிடித்துவந்தார்கள். 2016இல் அதற்கு ‘ஸ்டீவ்’ என்று விளையாட்டாகப் பெயரிட்டார்கள். விஞ்ஞானிகள் அதைச் செயற்கைக்கோள் அளவீடுகளோடு ஒப்பிட்டு 2018இல் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார்கள். பின்லாந்தில் ஆர்வலர்கள் எடுத்த படங்களிலிருந்து, மணல்மேட்டு வரிகளைப் போன்ற ஒரு புதிய வடிவம் 2020இல் அறிவிக்கப்பட்டது. அதனால் போனில் எடுத்தாலும் சரி, கேமராவில் எடுத்தாலும் சரி, கடிகாரம் சரியான நேரத்தைக் காட்டுகிறதா, எங்கே எடுத்தது என்ற குறிப்பு சேர்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். நேரமும் இடமும் இல்லாத படத்தால் ஆய்வுக்கு உதவியில்லை.

இதில் எனக்கு மிகவும் பிடித்த ஆள், கேமராவே இல்லாமல் போனவர். டென்மார்க்கின் வானிலை நிறுவனம் 1899இல் ஐஸ்லாந்துக்கும், அடுத்த குளிர்காலம் பின்லாந்தின் உட்ஸ்யோக்கிக்கும் அனுப்பிய ஆய்வுக் குழுவில் ஹரால்ட் மோல்ட்கே என்ற ஓவியரைச் சேர்த்திருந்தது. நிறத்தைப் பிடிக்க அன்று வேறு வழியில்லை. அவர் இரவில் வெளியே நின்று பென்சிலில் குறிப்பாக வரைந்துகொள்வார், பிறகு நினைவிலிருந்து எண்ணெய் வண்ணத்தில் தீட்டுவார். அந்த ஓவியங்களில் திரையின் மடிப்பும் கதிரும் எவ்வளவு சரியாக இருக்கின்றன என்று இன்று பார்த்தாலும் வியப்பாக இருக்கும். மறுநாள் தீட்ட வேண்டும் என்று தெரிந்து பார்ப்பவரின் பார்வையே தனி. ட்ரோம்சோவில் பிப்ரவரியில் பகல் குறுகியது, காலையில் வெளியே செய்ய அவ்வளவு வேலையும் இருக்காது. மகளுக்கு ஒரு நோட்டும் கலர் பென்சிலும் கொண்டுபோங்கள். முந்தின இரவு பார்த்ததை, போனைப் பார்க்காமல், நினைவிலிருந்து வரையச் சொல்லுங்கள். நீங்களும் கூடவே வரையுங்கள்.

‘படம் எடுத்தால் நினைவில் நிற்காது’ என்று அண்ணன் சொன்னதாகவும் எழுதியிருந்தீர்கள். அதற்கு ஆய்வு உண்டு, ஆனால் விடை அவ்வளவு எளிதல்ல. அமெரிக்க உளவியலாளர் லிண்டா ஹென்கெல் மாணவர்களை ஓர் அருங்காட்சியகத்தில் சுற்றவிட்டார். முழுப் பொருளையும் படம் எடுத்தவர்கள், வெறுமனே பார்த்தவர்களைவிட மறுநாள் குறைவாகவே நினைவுகூர்ந்தார்கள். ஆனால் ஒரு பகுதியை மட்டும் ஜூம் செய்து எடுத்தவர்களுக்கு அந்த இழப்பு இல்லை. இன்னொரு பக்கம், கிறிஸ்டின் டீல், கால் ஸாபர்மன், அலிக்ஸாண்ட்ரா பராஷ் ஆகியோர் 2016இல் வெளியிட்ட ஆய்வில், படம் எடுத்தவர்கள் எடுக்காதவர்களைவிடப் பல அனுபவங்களை அதிகமாக ரசித்தார்கள். படம் எடுக்க வேண்டும் என்ற எண்ணமே கவனத்தைக் கூட்டுகிறது என்பது அவர்கள் சொன்ன காரணம். அதே ஆய்வில் இரண்டு விதிவிலக்குகள் வந்தன. அனுபவமே ஆளை ஏற்கனவே உள்ளே இழுத்துவிட்டால் படம் எடுப்பதால் கூடுதல் பயன் இல்லை. கருவி கையாளச் சிரமமானதாக இருந்தாலும் பயன் இல்லை. மைனஸ் 15இல், இருட்டில், புதிதாக வாங்கிய கேமராவின் மெனுவைத் தேடிக்கொண்டிருப்பது இந்த இரண்டாவது வகை. தலைக்கு மேல் கொரோனா விரிவது முதல் வகை. அதே குழுவினர் பிறகு செய்த ஆய்வு ஒன்றில், தனக்காக எடுப்பவர்களைவிட, சமூக ஊடகத்தில் பகிர்வதற்காக எடுப்பவர்கள் குறைவாகவே ரசித்தார்கள். ஆகவே படங்களை அங்கிருந்தே வாட்ஸ்அப் குழுவில் போட வேண்டாம். போனை எடுத்தால் அடுத்து என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும், பத்து நிமிடம் பதில் எழுதிக்கொண்டிருப்பீர்கள்.

போன் செய்யும் வேலையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நைட் மோட், ஃபிளாஷ் ஆஃப், திரை வெளிச்சம் அடிமட்டம். கையில் பிடித்தால் பெரும்பாலான போன்கள் மூன்று வினாடி வரை எடுக்கும், டிரைபாடில் வைத்தால் இன்னும் நீளமாக அனுமதிக்கும். பட்டனைத் தொட்டால் ஆடும், அதனால் டைமர் வையுங்கள். குளிரில் பேட்டரி திடீரென்று படுத்துவிடும், எடுக்காத நேரத்தில் உள் பாக்கெட்டில் உடம்புச் சூட்டில் வைத்திருங்கள். ஃபிளாஷ் விஷயத்தை மட்டும் திரும்பச் சொல்கிறேன். இருட்டுக்குக் கண் பழக இருபது முப்பது நிமிடம் பிடிக்கும். ஒரே ஒரு ஃபிளாஷ், அல்லது ஒரு வெள்ளை டார்ச், சுற்றி நிற்கும் அத்தனை பேரின் பார்வையையும் ஒரு நொடியில் பழைய நிலைக்குத் தள்ளிவிடும். சிவப்பு விளக்கு உள்ள ஹெட்லாம்ப் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். வழிகாட்டியோடு போகும் சுற்றுலாக்களில் பெரும்பாலும் அவர்களே நல்ல கேமராவில் விருந்தினர்களைப் படம் எடுத்து அனுப்பிவிடுவார்கள், முன்பதிவு செய்யும்போது கேட்டுக்கொள்ளுங்கள். குடும்பப் படத்துக்கு அதைவிடச் சுலபமான வழி இல்லை.

ஒருவேளை நண்பரிடமிருந்து நல்ல கேமரா கிடைத்தே விட்டால், அதோடு போராடாமல் தானாக எடுக்கவிடுங்கள். 14 முதல் 24 எம்எம் வரையிலான அகல லென்ஸ், அபர்ச்சர் எஃப் 2.8, ஐஎஸ்ஓ 1600 அல்லது 3200, ஷட்டர் நான்கு வினாடி, ரா ஃபார்மட். பல கேமராக்களில் இன்டர்வெல் டைமர் இருக்கும், தொடர்ந்து எடுக்கும்படி வைத்துவிட்டு நகர்ந்து வந்துவிடுங்கள். உச்ச நேரத்துப் படங்கள் சில எரிந்துபோகும், போகட்டும். உங்கள் கண் வானத்தில் இருக்கும், அது முக்கியம்.

அப்படி விடுவதற்கு முன் இரண்டு விஷயங்கள் சரியாக இருக்க வேண்டும். ஒன்று ஃபோகஸ். ஆட்டோஃபோகஸ் இருட்டில் தடுமாறும். மேனுவலுக்கு மாற்றி, லைவ் வியூவில், அதாவது கேமராவின் பின்திரையில், ஒரு பிரகாசமான விண்மீனைப் பத்து மடங்கு பெரிதாக்கிக்கொண்டு லென்ஸின் ஃபோகஸ் வளையத்தை மெல்லத் திருப்புங்கள். உப்பலாக இருக்கும் விண்மீன் சிறுத்துக்கொண்டே வந்து ஊசிமுனையாகும், இன்னும் திருப்பினால் மறுபடி உப்பும். சிறுத்த இடத்துக்குத் திரும்பி வந்து, வளையத்தின் மேல் ஒரு துண்டு டேப் ஒட்டிவிடுங்கள். இன்னொன்று, லென்ஸின் முன்னால் யூவி ஃபில்டரோ வேறு கண்ணாடியோ இருந்தால் கழற்றிவிடுங்கள். அரோராவின் பச்சை மிகக் குறுகிய ஒற்றை அலைநீளம் என்பதால், ஃபில்டரின் தட்டையான இரண்டு பரப்புகளுக்கு இடையே எதிரொளித்துக் குறுக்கீட்டு வட்டங்களை உண்டாக்கும். படத்தின் நடுவில் வட்டத்துக்குள் வட்டமாக வரிகள் விழும், ஊருக்குத் திரும்பிக் கணினியில் திறக்கும்போதுதான் பெரும்பாலும் கண்ணில் படும், எந்த மென்பொருளாலும் ஒழுங்காக நீக்க முடியாது. அறைக்குள் நுழையும் முன் கேமராவைப் பிளாஸ்டிக் பையில் போட்டு இறுக்கி மூடி, உள்ளே ஓரிரு மணி நேரம் அப்படியே விடுங்கள். இல்லையென்றால் வெதுவெதுப்பான காற்றின் ஈரம் லென்ஸில் படிந்துவிடும்.

கேமராவுக்கு ஒதுக்கிய பணத்தை என்ன செய்யலாம் என்றால், முடிந்தால் இன்னோர் இரவு கூட்டுங்கள். அரோராவுக்குப் பெரிய எதிரி மேகம். ட்ரோம்சோ கடலோர ஊர், குளிர்காலத்தில் நாள்கணக்கில் மூடிக்கிடக்கும். புவிகாந்தக் கொந்தளிப்பை 0 முதல் 9 வரை அளக்கும் கேபி எண் 2 என்று செயலி காட்டுவதைப் பார்த்துச் சோர்ந்துபோகிறவர்கள் அதிகம். பூமியின் காந்த துருவத்தைச் சுற்றி அரோரா வழக்கமாகத் தோன்றும் வளையத்துக்கு நேர் கீழே ட்ரோம்சோ இருப்பதால் அந்த 2 தாராளம். ஆகவே ‘யர்’ என்ற நார்வே வானிலைச் செயலியில் மேக வரைபடத்தைப் பாருங்கள். ஊரில் மேகமாக இருந்தாலும் கிழக்கே லிங்ஙென் மலைத்தொடருக்கு அப்பால் ஸ்கிபோத்ன் பள்ளத்தாக்குப் பக்கமோ, எல்லை தாண்டிப் பின்லாந்தின் கில்பிஸ்யார்வியிலோ வானம் திறந்திருக்கும் வாய்ப்பு உண்டு. மலைகள் ஈரக்காற்றை மறித்துவிடுவதால் அங்கே வறட்சி கூடுதல், குளிரும் கூடுதல், மைனஸ் 20ஐ எளிதாகத் தாண்டும். பனிச்சாலையில் ஓட்டிப் பழக்கமில்லாத நீங்களே வாடகை வண்டி எடுத்துக்கொண்டு இரவில் அங்கே போவது வேண்டாம். தெளிந்த வானத்தைத் தேடி அழைத்துப்போகும் சிறு குழுச் சுற்றுலாவுக்கு அந்தப் பணத்தைக் கொடுங்கள். குளிர் உடுப்பும் அவர்களே தருவார்கள். எட்டு வயதுக் குழந்தையைச் சேர்த்துக்கொள்வார்களா என்று முன்பே கேளுங்கள், சிலர் வயது வரம்பு வைத்திருக்கிறார்கள்.

கிளம்புவதற்கு முந்தின வாரம், விளக்கையெல்லாம் அணைத்துவிட்டு மொட்டை மாடியில் போனை டிரைபாடில் மாட்டி, கையுறை போட்டுக்கொண்டு, விண்மீன்களை எடுத்துப் பாருங்கள். டைமர் எங்கே, ஃபிளாஷ் எங்கே என்று விரல் தேடாத அளவுக்கு வந்துவிட்டால் போதும். மகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள், அசையாமல் மூன்று வினாடி நிற்பதற்கும் பயிற்சி வேண்டும்.